கானாவூர்க் கலியாணத்தில் குரவை போட்டவன்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் படியாதவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத்துப்பிழை பிடித்துக்கொண்டு வரவேண்டாம். அந்த ஐந்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு நான் கட்டியவற்றைக் கொஞ்சம் கேளுங்கள். மொன்றியல் துறைமுகப் பக்கத்துக் கிட்டங்கிகளைக் கூட்டித் துடைக்க ஒரு கொம்பனி. ஒரு தும்புத்தடியும் ஒரு வாளியுமாகத் தொடங்கியது, இன்று வெள்ளை வான்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றின் விலாவிலும் என் பெயர். புரோசார்ட்டில் ஒரு கலியாண மண்டபம். இந்த ஊர்த் தமிழ்ச் சனத்தில் பாதி அதற்குள்தான் மாலை மாற்றியது, மற்றப் பாதி சாப்பிட வந்தது. வாசலில் என் பெயர். கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தேன், மணியில் என் பெயர். ஐயர் அடிக்கும்போதெல்லாம் சாமிக்கு முன்னால் நான் ஆடுகிறேன். பிள்ளைகள் மூன்று பேரும் பட்டம் எடுத்து, தங்கள் பெயருக்குப் பின்னால் என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயில் அது படுகிற பாடு வேறு கதை.

இத்தனை இடத்தில் பெயர் உள்ளவனுக்கு இருக்கவேண்டிய ஓர் இடத்தில் பெயர் இல்லை. அதைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் புவாண்ட்-கிளேரில், கடைத்தொகுதிக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு உள்ளே இருந்தோம். வெளியே குளிர். மனைவி மடியில் பையை விரித்துத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் பழைய இசைத்தட்டுகள் போடுகிற ஒரு பிரெஞ்சு நிகழ்ச்சி. கிட்டார் ஒன்று இழுத்து இழுத்து அழுதது. ஓர் ஆண் குரல், மூக்கால் பாடுகிற கவ்போய் குரல், ஏதோ கலியாண வீட்டைப் பற்றிப் பாடியது. தண்ணீர்ச் சாடிகள் என்றது. திடீரென்று எங்கிருந்தோ, மங்கல வேளையில் எங்கள் பெண்கள் நாக்கைப் புரட்டி எழுப்புகிற குரவை ஒன்று கிளம்பியது.

மனைவியின் கை நின்றது. மட்டக்களப்புக்காரி, அந்தச் சத்தம் கேட்டால் கை நிற்கத்தானே செய்யும்.

“இதென்ன, நம்மட குரவை மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

“ஓம். நான்தான்,” என்றேன்.

என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு தோடம்பழத்தைப் பார்த்தாள். உரிக்கத் தொடங்கிவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் ரேடியோக்காரர் சொன்னதை நான் மூச்சு விடாமல் கேட்டேன். இந்தப் பாடகர் காலமாகிவிட்டார். விசுவாசத்தைப் பற்றியும் வேதாகமத்து ஊர்களைப் பற்றியும், ஊருக்கொரு பாட்டாக, எண்பதுகளில் இங்கே மொன்றியலில் ஒரு தட்டுப் போட்டார். அப்போது அது விலைபோகவில்லை. இப்போது இளம் ஆட்கள் சிலர் அதைத் தேடிப் பிடித்து மறுபடி அச்சிடப்போகிறார்கள். கானாவூர்க் கலியாணப் பாட்டில் மயிர்க்கூச்செறிய ஒலி எழுப்பும் பெண்கள் யார் என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை. பழைய உறையில் ‘பெண்கள்’ என்று மட்டும் இருக்கிறது. கன்னியாஸ்திரிகள் என்கிறார்கள் சிலர், லெபனானில் இருந்து வந்தவர்கள் என்கிறார்கள் சிலர். அந்தப் பெண்களைத் தெரிந்தவர்கள் தயவுசெய்து அறிவிக்கவும்.

அடுத்த நாள் நான் அறிவித்தேன். ரேடியோவுக்கு ஃபோன் எடுத்து, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், அது நான் என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையாக, வீட்டு மதாமோடு, அதாவது என் மனைவியோடு, கதைக்கலாமா என்று கேட்டது. வைத்துவிட்டேன்.

அந்தப் பாடகரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் உண்டு, பொறுங்கள். தொப்பிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். அப்படித்தான் நாங்கள் அழைத்தோம்.

காருக்குள் நிறைந்த தோடம்பழத் தோல் வாசனைதான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்தது. அகதியாகக் கனடாவுக்கு வந்த முதல் பனிமாரியில், கிழக்குப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்களுக்குக் கோட்டுக் கொடுத்தார்கள். தேவாலயத்துப் பங்குச் சனம் போட்டுக் கழித்த கோட்டுகள், ஒரு சிறிய அறை நிறையத் தொங்கின. பூச்சி உருண்டை மணக்கும். பக்கத்தில் பெட்டி பெட்டியாகத் தோடம்பழம். கோட்டுப் போட்டுப் பார்த்தபடியே பழம் உரித்துத் தின்போம், தோலைக் கோட்டுப் பைக்குள்ளேயே போடுவோம். இரண்டு மணமும் சேர்ந்த ஒரு மணம் இருக்கிறதே, எனக்குக் கனடா என்றால் அதுதான்.

அந்த அறைக்குப் பொறுப்பு ஒரு மதாம். தடித்த, கணீரென்ற குரல் உள்ள மனுஷி, பங்குப் பெண்களின் பாடற்குழுவுக்கும் அவர்தான் தலைவி. எனக்கு நீளமான மண்ணிறக் கோட்டு ஒன்றைத் தந்தார். மாரி முழுக்க அதில் ராசா மாதிரித் திரிந்தேன். பனி உருகுகிற காலத்தில்தான் எங்களோடு இருந்த சூசை அண்ணை பொத்தான் மற்றப் பக்கம் இருப்பதைக் கண்டுபிடித்து, அது பெண்பிள்ளைக் கோட்டு என்றார். பெண்கள் சாமான் என்னைத் தேடி வருவது என் சாதகத்தில் இருக்கிறது போல.

சூசை அண்ணை திருகோணமலைக் கத்தோலிக்கர், படித்த மனுஷன், பிரெஞ்சு கொஞ்சம் பிடிபட்டவர். நான் மட்டக்களப்பு இந்து. நாங்கள் சேர்ந்திருந்த வாடகை வீட்டில் மற்றவர்கள் எல்லாம் யாழ்ப்பாணம். எல்லாரும் கலியாணம் ஆகாத இளந்தாரிகள். ஒரு சமையலறை, ஒரு பானை, யார் சோறு வைப்பது என்று தினம் ஒரு சண்டை. நான் ‘மறுகா’ வைக்கிறேன் என்பேன், அவர்கள் ‘பேந்து’ வைக்கிறோம் என்பார்கள், இரண்டுக்கும் பொருள் பிறகு என்பதுதான், சோறு ஒருநாளும் நேரத்துக்கு வேகவில்லை.

தேவாலயத்துச் சாமியார் இரங்கி எனக்கு அந்த நிலக்கீழ் மண்டபத்தைக் கூட்டுகிற வேலை தந்தார். காலையில் மண்டபம், பின்னேரம் கிட்டங்கி. என் கொம்பனியின் அத்திவாரம் அந்த வாளிதான்.

அங்கேதான் தொப்பிக்காரர் வந்து சேர்ந்தார். பெரிய விளிம்பு வைத்த தொப்பி, கூரான சப்பாத்து, குதிரை கட்டுகிற மாதிரி ஒரு இடுப்புப் பட்டி. வெயிலுக்குப் போடுகிற தொப்பியைப் பனிக்குள் போடுகிறவனை நான் அதற்கு முன் கண்டதில்லை. துறைமுகப் பக்கத்துத் தவறணைகளில் பாடிக் குடித்து, குடித்துப் பாடி, ஒருநாள் குடியை விட்டு வேதத்தைப் பிடித்தவர். மண்டபத்தின் எதிரொலி அவருக்குப் பிடித்துவிட்டது. தட்டை அங்கேயே பாடிப் பதிவதென்று சாமியாரிடம் அனுமதி வாங்கினார்.

முதல் நாளே சுவரில் ஒரு கடதாசி ஒட்டினார். பெத்லகேம், நாசரேத்து, யோர்தான், கானா, எரிக்கோ, எருசலேம். நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன். இந்த ஊரில் பேட்டைக்குப் பேட்டை ஒரு புனிதர் பெயர்தானே. மெற்றோவில் ஏறினால் ஒரு புனிதரில் ஏறி இன்னொரு புனிதரில் இறங்குகிறோம். இவையும் பக்கத்து ஊர்கள், ஐயா அங்கெல்லாம் பாடப்போகிறார் என்று நினைத்து, நாசரேத்துக்கு எந்த பஸ் என்று சூசை அண்ணையிடம் கேட்டேன். குளிர்காலம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னைக் கண்டால், “என்ன தம்பி, பஸ் வந்திட்டுதோ?” என்பார்.

ஆனால் அந்தத் தட்டின் சூட்சுமம் எனக்குத்தான் முதலில் விளங்கியது. மற்றத் தட்டு என்றால் காதலுக்கு ஒன்று, குடிக்கு ஒன்று, லொறிக்கு ஒன்று என்று கலந்து கிடக்கும். இது முழுவதும் ஒரே யாத்திரை, தலத்துக்கு ஒரு பாட்டு. எங்கள் ஆட்கள் எந்தக் காலத்திலேயோ தலம் தலமாகப் பதிகம் பாடி முடித்த சங்கதிதானே. தொப்பிக்காரர் அந்தப் புண்ணிய பூமியைக் கண்ணால் கண்டதே இல்லை என்று தெரிந்தபோது நான் கொஞ்சம் இளக்காரமாகச் சிரித்தேன். போகாத ஊருக்கு வழி சொல்கிறவன் என்று எங்கள் பக்கம் ஏசுவார்கள், இவர் போகாத ஊருக்குப் பாட்டே போடுகிறார். சூசை அண்ணை விடவில்லை. எங்கள் திருகோணமலைக் கோணேசருக்குப் பதிகம் பாடியவரும் கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் நின்றுதானே பாடினாராம், நீ உன் வாளியைப் பார் என்றார்.

வாளி என்றதும் நினைவு வருகிறது. யோர்தான் நதி என்னுடையது. நான் துணியைப் பிழிந்த சத்தம் அவருக்குப் பிடித்துப்போக, மைக்கை வாளிக்குள் இறக்கிவிட்டு, மெதுவாகப் பிழி என்று சைகை காட்டினார். தட்டில் கேட்டால் தெளிந்த ஆறு. உண்மையில் பங்குச் சனத்தின் சப்பாத்துச் சேறு. வேதாகமத்தில் இடிந்து விழுகிற எரிக்கோவின் மதிலும் என்னுடையதுதான். நான் அடுக்கி வைத்த மடக்குக் கதிரைகள், அவர் பாடிக்கொண்டிருக்கும்போது, ஒன்றுகூட மிச்சமில்லாமல் சரிந்து விழுந்தன. என் வேலை போயிற்று என்று நின்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி அடுக்கு, மறுபடி விழுத்து என்றார்.

கானாவூரில்தான் வண்டி நின்றது. கலியாண வீட்டில் தண்ணீர் திராட்சை இரசமாக மாறுகிற கதை, உங்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் கிழக்குத் தேசத்துப் பெண்கள் நாக்கை அசைத்து எழுப்புகிற மங்கல ஒலி வேண்டும் என்று தொப்பிக்காரர் பிடிவாதமாக நின்றார். எங்கேயோ ஒரு லெபனான் கலியாணத்தில் கேட்டாராம். மதாமும் பாடற்குழுப் பெண்களும் வரிசையில் நின்று முயன்றார்கள். ஐயோ. வான்கோழிக் கூட்டத்துக்குள் நாய் புகுந்த மாதிரி இருந்தது. நான் மூலையில் நின்று சிரித்துவிட்டேன். தொப்பிக்காரர் திரும்பினார். சிரிக்கிறவனுக்குத் தெரியுமோ என்று கேட்டார்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். எங்கள் ஊரில் பெண்ணாய்ப் பிறந்த எல்லாருக்கும் இது தெரியும் என்றேன். அப்படியானால் சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வா, பதிவுக்காரர் இயந்திரத்தோடு வருகிற கடைசி நாள் அதுதான், அன்றைக்கு வராவிட்டால் கானாவூர் தட்டிலேயே இல்லை என்றார். ‘நோ ப்ரொப்ளம்’ என்றேன். அகதி முதலில் பழகுகிற இங்கிலீசு அது.

பிறகுதான் யோசித்தேன், பெண்கள் எங்கே? வந்ததெல்லாம் ஆண்கள். மனைவிமாரோடு வந்த குடும்பங்கள் ஊருக்குள் ஒன்றிரண்டு, அவையும் யாழ்ப்பாணம். ஒரு அக்காவிடம் போய்க் கேட்டேன். தேத்தண்ணி தந்தார். “உது உங்கட பக்கத்துப் பழக்கம் தம்பி. நாங்கள் மேளத்தை அடிக்கச் சொல்லிப்போட்டுச் சும்மா நிப்பம்,” என்றார். அவ்வளவுதான். மட்டக்களப்புப் பெண் ஒருத்தியாவது இந்த நகரத்தில் இருக்கிறாளா என்று வெள்ளிக்கிழமை வரை விசாரித்தேன். இல்லை.

எனக்குக் குரவை போடத் தெரியும். அதுதான் சிக்கல். அக்காமார் பலருக்குத் தம்பி நான். கண்ணகை அம்மன் சடங்கில் அவர்களின் மடியில் வளர்ந்தவன், நாக்கு தானாகப் பழகிவிட்டது. ஒருமுறை பகிடிக்கு, ஓலை வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்து நேரத்துக்கு முன்னமே ஒரு குரவை போட்டேன். கோயில் நிறைந்த பெண்கள் அத்தனை பேரும் எடுத்துவிட்டார்கள். குரவையைத் தனியே விடக்கூடாது, ஒன்று எழும்பினால் மற்றவர்கள் சேர்ந்தே ஆகவேண்டும், தனிக்குரவை அமங்கலம். பூசை குழம்பியது, எனக்கு முதுகு வீங்கியது.

ஆனால் வளர்ந்த ஆண்பிள்ளை குரவை போடுவதா? எங்கள் வீட்டில் பட்டப்பெயர் விழுந்தால் சுடலை வரை கூட வரும். ஒருத்தர் முதல் வாரத்தில் தெரியாமல் சோற்றுப் பானையில் காலுறை அவித்தார். இன்று அவருக்குச் சொந்தச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது, பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், இன்னும் அவர் ‘சொக்ஸ்’ அண்ணைதான். குரவை என்று தெரிந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். போகாவிட்டாலோ, கொடுத்த வாக்கு. மனுஷன் தன் குடியை விட்டுக் கட்டுகிற தட்டு, என் வாயால் ஓட்டையாகும்.

சூசை அண்ணையிடம் மட்டும் சொன்னேன். வெகு நேரம் சிரித்தார். பிறகு, “வாயைக் குடுத்தவன் நீ. இனி வாயாலதான் தீர்க்கோணும்,” என்றார்.

சனிக்கிழமை அவரையே மொழிபெயர்க்கக் கூட்டிப்போனேன். பெண்கள் ஒருத்தரும் இல்லை, நான்தான் போடுவேன், ஆனால் கோட்டு அறைக்குள் நின்று போடுவேன், அது ஆண் என்று ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, சத்தியம் பண்ணவேண்டும் என்று சொல்லச் செய்தேன். தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். அன்றுதான் அவர் தலை வழுக்கை என்று கண்டோம். “செத்தாலும் சொல்லமாட்டன் எண்டு சொல்லுறார்,” என்றார் சூசை அண்ணை.

மதாமும் பாடற்குழுப் பெண்களும் வரும் முன்னமே கோட்டுகளுக்குள் நுழைந்தேன். கதவு விரற்கடை திறந்திருந்தது. மூக்கு முழுக்கப் பூச்சி உருண்டை. கிட்டார் வந்தது, தண்ணீர்ச் சாடிகள் வந்தன, சூசை அண்ணை கதவில் ஒரு தட்டுத் தட்டினார். அம்மாளை நினைத்துக்கொண்டு போட்டேன். நான் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம், அப்படியொரு குரவை என் அக்காமாரும் போட்டதில்லை. முடிந்தது. வெளியே ஒரு சத்தமும் இல்லை. மண்டபத்தின் எதிரொலி மட்டும் சுற்றிவந்து என்னிடமே திரும்பியது. தனிக்குரவை. பகிடிக்காக வேலிக்குப் பின்னால் போட்டபோது ஊரே எடுத்தது, இங்கே உயிரைக் கொடுத்துப் போட்டால் எடுக்க ஆள் இல்லை. அமங்கலம் என்று நினைத்து, அந்தக் குறையை நானே தீர்க்க இரண்டாவதைத் தொடங்கினேன். பாதியில் வெளியே இருந்து ஒரு குரல் வந்து சேர்ந்தது. கணீரென்ற குரல். மதாம். அன்றைக்கு வான்கோழி இல்லை, நாக்குச் சரியாகப் புரண்டது. பிறகு மற்றப் பெண்களும். மூன்றாவதை எல்லாருமாகப் போட்டோம். அவர்களுக்கு வழக்கம் தெரியாது, ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை, தனியே விடக்கூடாது என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

கோட்டுக்குள் நின்று நான் அழுதேன் என்று சூசை அண்ணை பிறகு என்னிடமே சாதித்தது பொய். அது பூச்சி உருண்டை.

தொப்பிக்காரர், கோட்டு அறைக்கு வந்த பெண்கள் அதன் பின்கதவால் போய்விட்டார்கள் என்று எல்லாருக்கும் அறிவித்தார். மதாமுக்குச் சரியான மனவருத்தம், தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போய்விட்டார்களே என்று. எனக்கு ஒரு தோடம்பழம் தந்து, அந்தப் பெண்களைக் கண்டால் கொடு என்றார். கொடுத்தேன், கொடுக்கவேண்டியவனுக்கே.

இன்னும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், இல்லாவிட்டால் தொப்பிக்காரர் மேல் பழி போகும். உறை அச்சுக்குப் போகும் முன் அவர் என்னைத் தேடிக் கிட்டங்கிக்கே வந்தார். உன் பெயரைப் போடட்டுமா, யோசித்துச் சொல் என்றார். எனக்கு அப்போது மட்டக்களப்பில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை குரவை போடுகிறவர் என்று பெண்வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? வேண்டாம் என்றேன். அதனால்தான் ‘பெண்கள்’. சத்தியத்தை அவர் காப்பாற்றிவிட்டார், சாகும்வரை. என் பெயரை அவர் வாயால் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. அதற்கு மரியாதையாகத்தான் நானும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை.

இப்போது அந்தத் தேவாலயம் அடுக்குமாடி வீடாகிவிட்டது. கோட்டு அறை இருந்த இடத்தில் ஆட்கள் நின்ற இடத்திலேயே ஓடுகிற உடற்பயிற்சி இயந்திரங்கள் நிற்கின்றன. தவறணைகள் இல்லை. எங்கள் வீடு இடிபட்டுவிட்டது. மதாம் இல்லை. சூசை அண்ணை ரொறன்ரோ போனார், பிறகு அதற்கும் அப்பால் போய்விட்டார், பஸ் வந்ததோ என்று கேட்க ஆளில்லை. என் சொந்த மண்டபத்தில் தாலி கட்டும்போது எவனோ ஒரு பொடியன் பொத்தானை அமத்துகிறான், பெட்டிக்குள் இருந்து மேளம் வருகிறது. குரவை கேட்டு எத்தனையோ காலம்.

அன்றைக்குக் காரில், இந்தக் கதை முழுவதையும் சொல்லியும் மனைவி நம்பவில்லை என்ற கோபத்தில் நான் போட்டுக் காட்ட வாயைத் திறந்தேன். கட்டுப்பல் தடுத்தது. காற்றுத்தான் வந்தது, சைக்கிள் டயரில் வருகிற மாதிரி. மனைவி கண்ணாடிக்கு வெளியே இரண்டு பக்கமும் பார்த்தாள். தோடம்பழத்தைப் பைக்குள் வைத்தாள். போட்டாள் பாருங்கள் ஒரு குரவை, சாமான் வண்டில் தள்ளிக்கொண்டு போன ஆள் அப்படியே நின்றுவிட்டான்.

“தனிய விடப்படாதுதானே,” என்றாள். “இஞ்ச பாருங்க, இப்ப நம்புறன். ஆனா அண்டைக்கும் முடிச்சுத் தந்தது பொம்புளையள்தான்.”

சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே, தட்டை மறுபடி அச்சிடுகிறவர்களுக்கு, என் மகள் இதைப் பிரெஞ்சில் மாற்றித் தருவாள். தொப்பிக்காரரிடம் வாங்கிய சத்தியத்தை, வாங்கினவன் நானே, இன்றைக்கு அவிழ்த்துவிடுகிறேன். வாளிக்கும் கதிரைக்கும் நான் பெயர் கேட்கவில்லை, யோர்தானும் எரிக்கோவும் தருமத்துக்குப் போகட்டும். ‘பெண்கள்’ என்பதையும் அழிக்கவேண்டாம், மதாமும் மற்றவர்களும் அங்கே இருந்தார்கள். அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில், குரவையைத் தொடங்கியவன் என்று என் பெயரைப் போடுங்கள். நீளமான பெயர்தான். ஃபோன் எடுத்தால் எழுத்துக்கூட்டிச் சொல்வேன், மதாமைக் கேட்காமல் என்னையே கேளுங்கள். அது அச்சில் வருகிற அன்றைக்கு, தொப்பிக்காரரின் பெயரை நானும் என் வாயால் சொல்வேன். அதுவரைக்கும் இரண்டு பேரும் கோட்டு அறைக்குள்ளேயே நிற்கிறோம்.